டிராக்கிங் நிரல் பக்கத்தில் இருக்கிறது, கணக்கில்தான் பாதிப் பேரைக் காணோம்

கேள்வி: வேர்ட்பிரஸ்ஸில் ஒரு சமையல் குறிப்புத் தளம் நடத்துகிறேன். போன மாதம் தீம் மாற்றினேன். தளம் மெதுவாகத் திறக்கிறது என்று தெரிந்த பையன் ஒருவன் கேஷ் ப்ளகின் (பக்கத்தைச் சேமித்து வைத்து வேகமாகக் காட்டும் துணைநிரல்) ஒன்றும் போட்டுக் கொடுத்தான். அதற்குப் பிறகு கூகுள் அனலிட்டிக்ஸில் வருகை ஏறக்குறைய பாதியாகிவிட்டது. சர்ச் கன்சோலில் கிளிக் குறையவே இல்லை. பக்கத்தின் சோர்ஸைத் திறந்து பார்த்தேன், வருகையை எண்ணும் டிராக்கிங் நிரல் அங்கேதான் இருக்கிறது. இன்னொரு தடவை எடுத்து ஒட்டினால் சரியாகிவிடுமா?

பதில்:

ஒட்டாதீர்கள். இப்படி மாட்டிக்கொண்டவர்கள் முதலில் செய்வது அதுதான். தீம் செட்டிங்கில் ஒன்று, கூகுளின் சைட் கிட் ப்ளகினில் ஒன்று, போதாததற்கு இத்தகைய நிரல்களை நிர்வகிக்கும் கூகுளின் டேக் மேனேஜரில் ஒன்று என ஒரே அனலிட்டிக்ஸ் ஐடியை மூன்று இடத்தில் வைத்துவிடுவார்கள். அப்புறம் ஒருவர் ஒரு பக்கத்தைத் திறந்தால் இரண்டு மூன்று பார்வை பதிவாகும். பயனர் எண்ணிக்கை மட்டும் அப்படியே இருக்கும், ஏனென்றால் வாசகரை அடையாளம் காண பிரவுசரில் வைக்கும் குக்கீ ஒன்றுதானே. எண்ணிக்கை விழுந்ததால்தான் நீங்கள் கேட்டு எழுதினீர்கள். இரட்டிப்பாக ஏறியிருந்தால் புதுத் தீம் நன்றாக வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டு விட்டிருப்பீர்கள்.

உங்கள் கேள்வியிலேயே விடை பாதி இருக்கிறது. சர்ச் கன்சோல் கணக்கெடுப்பது கூகுள் தேடல் பக்கத்தில் விழும் கிளிக்கை, அதாவது வாசகர் உங்கள் தளத்துக்குள் கால் வைப்பதற்கு முன்பே எண்ணி முடித்துவிடுகிறது. உங்கள் பக்கத்தில் எந்த நிரல் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அதற்குக் கவலையில்லை. அனலிட்டிக்ஸோ பக்கம் திறந்து, நிரல் ஓடி, தகவல் கிளம்பிப் போனால்தான் ஒருவரை எண்ணும். இரண்டு எண்ணும் எந்தக் காலத்திலும் ஒன்றாக இருக்காது. சர்ச் கன்சோலின் நாள் கணக்கு அமெரிக்கப் பசிபிக் நேரப்படி, அனலிட்டிக்ஸில் நீங்கள் வைத்த நேர மண்டலப்படி என்பதால், நாளுக்கு நாள் ஒப்பிட்டால் தலைவலிதான் மிஞ்சும். வாரக் கணக்காக எடுங்கள். அனலிட்டிக்ஸ் பக்கம் மொத்த வருகையை எடுக்காமல் கூகுள் ஆர்கானிக், அதாவது விளம்பரம் அல்லாத கூகுள் தேடல் வழியாக வந்ததை மட்டும் எடுங்கள். தீம் மாற்றும் வரை இரண்டுக்கும் இடையில் ஏறக்குறைய ஒரே இடைவெளி இருந்து, அந்த வாரத்தில் அனலிட்டிக்ஸ் எண் மட்டும் திடீரென்று பாதாளத்துக்குப் போயிருந்தால் வாசகர்கள் எங்கும் போய்விடவில்லை, எண்ணுகிற கருவிதான் தவறவிடுகிறது.

சரி, எங்கே தவறவிடுகிறது? சோர்ஸில் நிரல் இருப்பது வெறும் முதல் படி. அதை பிரவுசர் படித்து, கூகுள் டேக் மேனேஜர் முகவரியிலிருந்து ஜிடேக் என்ற ஸ்கிரிப்டை இறக்க வேண்டும், அந்த ஸ்கிரிப்ட் குக்கீயை வைக்க வேண்டும், பிறகு கூகுள் அனலிட்டிக்ஸ் முகவரிக்கு ஒரு கோரிக்கை போக வேண்டும். அந்தக் கோரிக்கையின் முகவரியில் கலெக்ட் என்ற சொல் இருக்கும், பதிலாக 204 என்ற எண் வரும், அதாவது கிடைத்தது, திருப்பி அனுப்ப ஒன்றுமில்லை என்று பொருள். அந்த 204 வரும் வரை எதுவும் கணக்கில் சேராது. எனவே சோர்ஸைப் பார்ப்பதை விட்டுவிட்டு அந்தக் கோரிக்கை கிளம்புகிறதா என்று பாருங்கள்.

கணினியில் குரோமை இன்காக்னிட்டோவில் திறங்கள். பிரேவ் வேண்டாம், அது இந்தக் கோரிக்கையைத் தானாகவே மறித்துவிடும். யூபிளாக் மாதிரி விளம்பரத் தடுப்பான் இருந்தால் அதுவும் மறிக்கும், நீங்கள் தனியாக அனுமதி கொடுக்காத வரை இன்காக்னிட்டோவில் அது ஓடாது என்பதால்தான் அங்கே போகச் சொல்கிறேன். எஃப்12 அழுத்தி நெட்வொர்க் டேபுக்குப் போய், மேலே உள்ள ஃபில்டர் பெட்டியில் கலெக்ட் என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். இப்போது உங்கள் சமையல் குறிப்பு ஒன்றின் முகவரியைப் போட்டு என்டர் தட்டிவிட்டு, கையை மவுஸிலிருந்து எடுத்துவிடுங்கள். நகர்த்தக் கூடாது, ஸ்க்ரோல் செய்யக் கூடாது. ஜிஏ4, அதாவது இப்போதைய கூகுள் அனலிட்டிக்ஸ், சில விநாடி பொறுத்து மொத்தமாக அனுப்புவதும் உண்டு, எனவே கால் நிமிடமாவது சும்மா இருங்கள். பெட்டி காலியாகவே இருக்கிறதா? இப்போது மவுஸை லேசாக அசைத்துப் பாருங்கள். அசைத்ததும் கலெக்ட் வரி டக்கென்று வந்து விழுந்தால், உங்கள் பாதி வாசகர்கள் எங்கே போனார்கள் என்று தெரிந்துவிட்டது.

நீங்கள் சொன்ன விவரத்தை வைத்துப் பார்த்தால் இதுதான் நடந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இப்போதைய கேஷ் ப்ளகின்கள் பலவற்றில் ஜாவாஸ்கிரிப்டைத் தாமதப்படுத்தும் வசதி ஒன்று இருக்கிறது. வாசகர் திரையைத் தொடும் வரை, ஸ்க்ரோல் செய்யும் வரை எந்த ஸ்கிரிப்டையும் ஓடவிடாது. பக்கத்தின் வேகத்துக்குக் கூகுள் தரும் பேஜ்ஸ்பீட் மதிப்பெண் ஏறும், போட்டுக் கொடுத்தவருக்கும் நல்ல பெயர். ஆனால் சமையல் தளத்துக்கு வருகிறவர் எப்படி வருகிறார் என்று யோசித்துப் பாருங்கள். இட்லி மாவுக்கு அரிசி எத்தனை பங்கு, உளுந்து எத்தனை பங்கு என்று தேடுகிறார், பக்கம் திறக்கிறது, முதல் திரையிலேயே நாலுக்கு ஒன்று என்று எழுதியிருக்கிறது, பார்த்துவிட்டுப் பேக் பட்டனைத் தட்டிப் போய்விடுகிறார். திரையை அவர் தொடவே இல்லை. அவருக்காக ஸ்கிரிப்ட் ஓடவும் இல்லை. சர்ச் கன்சோலில் ஒரு கிளிக், அனலிட்டிக்ஸில் பூஜ்யம். இதில் இன்னொரு வேடிக்கை, தொட்டுப் படிக்கிறவர்கள் மட்டுமே எண்ணப்படுவதால் சராசரி ஈடுபாட்டு நேரம் ஏறியிருக்கும், வந்ததும் திரும்புகிறவர்களின் பங்கான பவுன்ஸ் விகிதம் இறங்கியிருக்கும். உங்கள் அறிக்கையில் அந்த இரண்டையும் பாருங்கள், வருகை பாதியான அதே வாரத்தில் அவை நல்ல பக்கமாகத் திரும்பியிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

சரிசெய்வது சுலபம். கேஷ் ப்ளகினில் தாமதப்படுத்தும் பகுதிக்குப் பக்கத்திலேயே விலக்குப் பட்டியல் ஒன்று இருக்கும். அதில் இரண்டு விஷயங்களைச் சேர்க்க வேண்டும், பலர் ஒன்றோடு நிறுத்திவிடுகிறார்கள். வெளியிலிருந்து இறங்கும் ஜிடேக் ஸ்கிரிப்டின் முகவரி ஒன்று; பக்கத்துக்குள்ளேயே இருக்கும் சின்ன நிரல் துண்டு, டேட்டாலேயர் என்ற சொல் வருமே, அது இன்னொன்று. முதலாவதை விலக்கிவிட்டு இரண்டாவதைத் தாமதத்திலேயே விட்டால் ஸ்கிரிப்ட் இறங்கும், ஆனால் பக்கப் பார்வையை அனுப்பச் சொல்ல ஆள் இருக்காது. சில ப்ளகின்களில் அனலிட்டிக்ஸுக்கென்றே தனியாக ஒரு டிக் பெட்டி இருக்கும், அது இருந்தால் அதையே போடுங்கள். பிறகு கேஷ் எல்லாவற்றையும் காலி செய்யுங்கள், ப்ளகினுடையதை மட்டுமல்ல, ஹோஸ்டிங்கில் தனிக் கேஷ் இருந்தால் அதையும், தளத்தை வேகப்படுத்தும் கிளவுட்ஃபிளேர் சேவை வைத்திருந்தால் அங்கேயும். கிளவுட்ஃபிளேரில் ராக்கெட் லோடர் என்று ஒன்று உண்டு, அதுவும் ஸ்கிரிப்டுகளின் வரிசையில் கை வைக்கும், தேவையில்லை என்றால் அணைத்துவிடலாம். பேஜ்ஸ்பீட் மதிப்பெண் கொஞ்சம் இறங்கலாம், இறங்கட்டும். அந்த மதிப்பெண்ணைப் பார்த்து எந்த வாசகரும் வருவதில்லை.

மவுஸை அசைத்தும் கலெக்ட் வரவில்லை என்றால் கதை வேறு. பக்கத்தில் இருக்கும் கன்சோல் டேபில் சிவப்பாக ஏதாவது இருக்கிறதா பாருங்கள். செல்லாத எழுத்து என்பது போலத் தொடரியல் பிழை ஒன்று இருந்தால், நிரலை யாராவது வாட்ஸ்அப்பிலோ வேர்டிலோ அனுப்பி அங்கிருந்து எடுத்து ஒட்டினார்களா என்று கேளுங்கள். நேராக நிற்க வேண்டிய மேற்கோள் குறி வளைந்த குறியாக மாறியிருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், பிரவுசருக்கு அந்த ஒரு எழுத்தில் மொத்த நிரலும் செத்துவிடும். கூகுள் பக்கத்திலிருந்தே நேராக நகலெடுத்துப் போட்டால் தீர்ந்தது. ஸ்கிரிப்டை ஏற்ற மறுத்துவிட்டேன், பாதுகாப்புக் கொள்கை அனுமதிக்கவில்லை என்று வந்தால் அது சர்வர் பக்கத்து விவகாரம், ஹோஸ்டிங் பார்க்கிறவரிடம் அந்த வரியை அப்படியே படம் பிடித்து அனுப்புங்கள்.

குக்கீ ஒப்புதல் பட்டையையும் பாருங்கள். உங்கள் வாசகர்களில் பிரான்ஸ், ஜெர்மனி, நார்வே என்று புலம்பெயர்ந்த தமிழர்கள் நிறைய இருப்பார்கள், சமையல் தளங்களுக்கு அது வழக்கம்தான். 2024 மார்ச்சிலிருந்து ஐரோப்பிய வாசகர்களின் ஒப்புதலைத் தெரிவிக்கும்படி, தன் விளம்பர வசதிகளைப் பயன்படுத்துகிறவர்களிடம் கூகுள் கறாராகக் கேட்கிறது. அதனால் இந்தப் பட்டையும் பல தளங்களில் வந்து சேர்ந்துவிட்டது. சிக்கல் என்னவென்றால், அதை ஐரோப்பாவுக்கு மட்டும் என்று வைக்காமல் உலகத்துக்கே வைத்துவிட்டால், மதுரையில் இருந்து படிப்பவரும் சரி என்று தட்டினால்தான் கணக்கில் வருவார். யார் தட்டுகிறார்கள்? கலெக்ட் வரியைக் கிளிக் செய்தால் வலப்பக்கம் விவரங்கள் விரியும், அதில் ஜிசிஎஸ் என்ற இடத்தில் ஜி100 என்றிருந்தால் ஒப்புதல் இல்லை, ஜி111 என்றிருந்தால் உண்டு. ஒப்புதல் வரும் வரை எதையுமே அனுப்பாத பட்டைகளும் இருக்கின்றன, அங்கே சரி என்று தட்டிய பிறகுதான் கலெக்ட் வரும். எந்தெந்த நாட்டுக்குப் பட்டை தோன்ற வேண்டும் என்று மாற்றும் வசதி பெரும்பாலும் அந்தப் ப்ளகினிலேயே இருக்கும்.

அதே விவரத்தில் டிஐடி என்றும் ஒன்று இருக்கும், உங்கள் மெஷர்மென்ட் ஐடி. அது ஜி என்ற எழுத்தில் தொடங்கி, உங்கள் ஜிஏ4 கணக்கில் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். தீமை நிறுவியவர் தன்னுடைய ஐடியை உள்ளே விட்டுவிட்டுப் போயிருப்பது நீங்கள் நினைப்பதைவிட சகஜம். யூஏ என்று தொடங்கும் பழைய ஐடி எங்காவது கிடந்தால் எடுத்துவிடுங்கள். சாதாரணக் கணக்குகளுக்கு ஜிஏ4-க்கு முந்தைய பதிப்பான யுனிவர்சல் அனலிட்டிக்ஸ் 2023 ஜூலை 1 முதல் புதிய தகவல் வாங்குவதை நிறுத்திவிட்டது. ஒரே பக்கத்துக்கு ஒரே ஐடியோடு இரண்டு பக்கப் பார்வை போனால், எங்கோ இன்னொரு நிரல் ஒளிந்திருக்கிறது, தேடி ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாச் சோதனையையும் முகப்புப் பக்கத்தில் மட்டும் செய்துவிட்டு முடித்துவிடாதீர்கள், ஒரு குறிப்புப் பக்கம், ஒரு வகைப் பக்கம், ஏஎம்பி (மொபைலில் வேகமாகத் திறக்கும் தனிப் பக்க வடிவம்) வைத்திருந்தால் அதில் ஒன்று என்று பார்க்க வேண்டும். ஏஎம்பி பக்கத்தில் சாதாரண நிரல் ஓடாது, அதற்குத் தனி அமைப்பு வேண்டும்.

எல்லாம் ஒழுங்காகப் போகிறது, 204 வருகிறது, ஆனாலும் அறிக்கையில் குறைகிறது என்றால் பழி அனலிட்டிக்ஸ் செட்டிங்கில். முதலில் இந்த நிமிட வருகையைக் காட்டும் ரியல்டைம் அறிக்கையைப் பாருங்கள், வழக்கமான அறிக்கைகள் நிறைய 24 முதல் 48 மணி நேரம் வரை எடுத்துக்கொள்ளும். பிறகு அட்மின் பக்கத்தில் டேட்டா ஃபில்டரைத் திறங்கள். சொந்த வருகையைத் தவிர்க்க என்று உங்கள் இணைய இணைப்பின் முகவரி எண்ணான ஐபியைப் போட்டு வைத்திருப்பீர்கள். மொபைல் நெட்டில் ஐபி மாறிக்கொண்டே இருக்கிறதே என்று முதல் சில எண்ணை மட்டும் போட்டு வைத்தால், அதே நெட்வொர்க்கில் இருக்கும் உங்கள் வாசகர்களும் சேர்ந்து வெளியே போய்விடுவார்கள். இந்த ஃபில்டர் செயலில் இருந்த காலத்தில் கழிக்கப்பட்டது கழிக்கப்பட்டதுதான், பிறகு அணைத்தாலும் திரும்பி வராது. அதனால் புதிதாக எதைப் போட்டாலும் கொஞ்ச நாள் டெஸ்டிங் நிலையிலேயே வைத்துப் பாருங்கள்.

கூகுளின் வலைப்பதிவுத் தளமான பிளாகரில் எழுதுகிறவர்களும் இதே கேள்வியை அனுப்புகிறார்கள், அவர்களுக்கு விடை சின்னது: அமைப்புகளில் மெஷர்மென்ட் ஐடிக்கென்று ஒரு பெட்டி இருக்கிறது, அதில் போட்டால் போதும். போட்டும் வரவில்லை என்றால் வெளியில் இருந்து எடுத்த டெம்ப்ளேட்டில் அதற்கான வரியை நீக்கியிருப்பார்கள். பிளாகர் காட்டும் சொந்தப் புள்ளிவிவரத்தோடு இதை ஒப்பிட்டு மனம் தளர வேண்டாம், அதில் ரோபோக்களும் புகுந்துவிடும். ஹோஸ்டிங் பேனலில் வரும் ஏடபிள்யூஸ்டாட்ஸ் என்ற வருகைக் கணக்கும் அப்படித்தான்.

எல்லாவற்றையும் சரிசெய்த பிறகும் அனலிட்டிக்ஸ் எல்லோரையும் எண்ணிவிடாது. விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவர்கள் வரவே மாட்டார்கள். சஃபாரியில் இப்படி நிரல் வழியாக வைக்கப்படும் குக்கீ 7 நாளில் காலாவதியாகிவிடும், பத்து நாள் கழித்து வரும் ஐஃபோன் வாசகர் புதியவராகத் தெரிவார். வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்த இணைப்பு வழியாக வருபவர்கள் பெரும்பாலும் டைரக்ட், அதாவது எங்கிருந்து வந்தார்கள் என்று தெரியாதவர்கள் கணக்கில் விழுவார்கள். இந்த இழப்பு எப்போதும் இருந்ததுதான், உங்கள் பழைய எண்ணிலும் அது உண்டு.

போன மாதம் தொலைந்த எண்கள் எங்கும் சேமிக்கப்படவில்லை, தேட வேண்டாம். விளம்பரதாரர் யாராவது கேட்டால் அந்தக் காலத்துக்கு மட்டும் சர்ச் கன்சோலின் கிளிக் கணக்கைக் காட்டுங்கள், காரணத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். சரிசெய்த தேதியைக் குறித்து வையுங்கள், இல்லையென்றால் அடுத்த வருடம் வரைபடத்தில் அந்த ஏற்றத்தைப் பார்த்துவிட்டு எந்தக் குறிப்பு வைரல் ஆனது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். கேஷ் ப்ளகின் பெரிய அப்டேட் வாங்கும்போதெல்லாம் அந்த மவுஸைத் தொடாத சோதனையை ஒருமுறை செய்து பாருங்கள், விலக்குப் பட்டியல் அழிந்து போவதும் நடக்கும்.