கிளாசிக்ஸ் படித்தால் வேலை கிடைக்குமா என்று கேட்ட லண்டன் அப்பாவுக்கு

வணக்கம். மகள் பல்கலைக்கழகத்தில் கிளாசிக்ஸ், அதாவது பழைய கிரேக்க, ரோமானிய உலகத்தைப் பற்றிய படிப்பு, எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, அருங்காட்சியகத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ரோமானியக் காசுகளைக் காட்டி விளக்கும் சனிக்கிழமை வேலையை நிறுத்தச் சொல்லலாமா என்றும். இரண்டாவதற்கு முதலில் சொல்லிவிடுகிறேன், தயவுசெய்து நிறுத்தாதீர்கள். சம்பளம் இல்லைதான், ஆனால் இந்தத் துறைக்கு வேண்டிய திறமையை அவள் அங்கேதான் பழகுகிறாள்.

கி.பி. 4ஆம் நூற்றாண்டு வெண்கலக் காசு ஒன்றைப் பத்து வயதுப் பிள்ளையின் கையில் கொடுக்கிறாள் என்று வையுங்கள். ஒரு பக்கம் தலைக்கவசம் போட்ட ரோமா தேவி, மறுபக்கம் இரட்டைக் குழந்தைகளுக்குப் பால் கொடுக்கும் ஓநாய், அடியில் தேய்ந்துபோன சில எழுத்துகள். டி ஆர் என்று இருந்தால் ஜெர்மனியில் உள்ள டிரியர் நகரத்தில் அடித்தது. வேறு சில காசுகளில் பி எல் ஓ என் என்று இருக்கும், அது லண்டன். இங்கிருந்த அக்கசாலை, அதாவது காசு அடிக்கும் இடம், கி.பி. 325 வாக்கில் மூடப்படும் வரை அடித்தவை. தன் ஊரில் அடித்த காசு என்று தெரிந்ததும் அந்தப் பிள்ளை கேள்வி மேல் கேள்வி கேட்கும், அதை ஆதாரத்தை விட்டு விலகாமல் நடத்திக்கொண்டு போவது லேசான காரியமே இல்லை.

இன்னொன்று. 2010இல் சோமர்செட்டில் ஃப்ரோம் ஊருக்குப் பக்கத்தில் ஒரே பானையில் 52,503 ரோமானியக் காசுகள் கிடைத்தன. கண்டவர் தானே தோண்டி எடுக்காமல் தொல்லியல் ஆட்களைக் கூப்பிட்டார், அவர்கள் அடுக்கு அடுக்காக எடுத்ததால்தான் காலத்தால் பிந்திய, கரௌசியஸ் என்ற ரோமானிய ஆட்சியாளரின் காசுகள் பெரும்பாலும் மேலே இல்லாமல் உள்ளே ஆழத்தில் கிடந்தது தெரிந்தது. ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகச் சேமித்த உண்டியலாக அது இருக்க வாய்ப்பு குறைவு. இப்படிக் கண்டெடுப்பவர்களோடு பேசிப் பதிவு செய்வதையே முழுநேர வேலையாகச் செய்யும் அலுவலர்கள் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இருக்கிறார்கள். அந்தத் திட்டத்துக்கு போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் ஸ்கீம் என்று பெயர், அதன் இணையப் பதிவேட்டை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். மகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, பணம். மறைக்காமல் சொல்கிறேன், அருங்காட்சியகக் கல்விப் பிரிவில் இடங்கள் குறைவு, பலவும் ஓரிரு வருட ஒப்பந்தம், ஐடி சம்பளத்தோடு ஒப்பிடவே முடியாது. பட்டத்துக்குப் பிறகு பிஜிசிஇ என்ற ஆசிரியர் பயிற்சியை முடித்து லத்தீன் ஆசிரியராவது இதைவிட நிலையான வழி. இது எதுவும் பிடிக்காமல் போனாலும் சட்டம், அரசுப்பணி என்று போகலாம், இந்த நாட்டில் அந்த வேலைகள் பலவற்றுக்கு எந்தப் பாடத்தில் பட்டம் என்று பார்ப்பதில்லை.

அவள் பள்ளியில் லத்தீன் இல்லையே என்று தயங்க வேண்டாம். ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் லத்தீன் படிக்காதவர்களுக்கென்றே கிளாசிக்ஸ் படிப்பு இருக்கிறது.

ஆசையாக ஆன்லைனில் பழைய காசு வாங்கிப் பரிசளிக்க மட்டும் வேண்டாம். எங்கே, எப்படிக் கிடைத்தது என்று ஆவணம் இல்லாத காசு திருட்டுத் தோண்டலில் வந்ததாக இருக்கலாம், இந்தத் துறைக்குள் வரப்போகிற பிள்ளையிடம் அது இருக்கவே கூடாது. அதற்குப் பதிலாக 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த ரோமானியப் பொற்காசுக் குவியலைப் பற்றி அவளைத் தேடிப் படிக்கச் சொல்லுங்கள். 500 காசுக்கு மேல், பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின் மேல் வேண்டுமென்றே போட்ட வெட்டு, ஏன் வெட்டினார்கள் என்பதில் இன்னும் விவாதம் ஓய்ந்தபாடில்லை. அதை வைத்துப் பிள்ளைகளுக்கு அரைமணி நேரப் பாடம் ஒன்றைத் தானே தயாரித்து அந்த அருங்காட்சியகத்தில் நடத்த அனுமதி கேட்கட்டும், அப்புறம் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் அதைப் பற்றி எழுதட்டும்.