"பழைய பொருளுக்கு கேரண்டி இல்லை" என்றால் பணம் போனது போனதுதானா?

கேள்வி: கோவையில் வீட்டிலிருந்தபடியே 3டி அனிமேஷன் ரெண்டரிங் வேலை செய்து பிழைக்கிறேன். புது மெஷின் வாங்க வசதியில்லை. இரண்டு பிராசஸர் போடும் ஹெச்பி இசட்820 ஒர்க்ஸ்டேஷன் கணினியை யூஸ்டு பாகங்களில் அசெம்பிள் செய்ய நினைத்து, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கடை ஒன்றில் கேபினட், போர்டு, பவர் சப்ளை சேர்த்து ரூ.14,000, ஜியான் இ5-2680 வி2 (இரண்டாம் தலைமுறை) சிப் இரண்டு ரூ.5,600, 8 ஜிபி ரேம் எட்டு ரூ.4,800 என்று வாங்கினேன். "இந்த போர்டு வி2 எடுக்குமா?" என்று முன்பே வாட்ஸ்அப்பில் கேட்டதற்கு, "எடுக்கும், டெஸ்ட் பண்ணது" என்றார்கள். மாட்டினால் திரையே வரவில்லை. கேட்டால், "யூஸ்டு பொருளுக்கு கேரண்டி கிடையாது, சாக்கெட் பின்னை நீங்கதான் வளைச்சிருப்பீங்க" என்கிறார்கள். பில் தரவில்லை, பணம் ஜிபேயில் கொடுத்தேன். ஒரு சிப்பின் மேல் 'இன்டெல் கான்ஃபிடென்ஷியல்' என்று வேறு பொறித்திருக்கிறது. வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் கோளாறு எதில் என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். இரண்டு காரணம் இருக்க வாய்ப்புள்ள வழக்கு சாட்சியத்தில்தான் தோற்கும்.

இசட்820-இல் ஒரு நுட்பம் உண்டு. ஆரம்பத்தில் வந்த போர்டுகளில் பூட் பிளாக் (ஆன் செய்ததும் முதலில் ஓடும், போர்டிலேயே பதிந்த நிரல்) தேதி 2011 என்றிருக்கும். அவை முதல் தலைமுறை இ5-2600 சிப்பை மட்டுமே எடுக்கும். 2013 தேதியுள்ள போர்டுதான் வி2-வை எடுக்கும். "பயாஸ் அப்டேட் பண்ணுங்க" என்று கடைக்காரர் சொல்லக்கூடும். பயாஸ் என்பது போர்டின் அடிப்படை மென்பொருள்; அதன் வழக்கமான அப்டேட் பூட் பிளாக்கைத் தொடுவதில்லை. ஆகவே இ5-2670 போன்ற வி2 அல்லாத சிப் ஒன்றை இரவல் வாங்கி, முதல் சாக்கெட்டில் அதை மட்டும் போட்டு, அந்த சாக்கெட்டுக்கு உரிய ஸ்லாட்டில் ஒரு ரேம் மாட்டி ஆன் செய்யுங்கள். எஃப்10 அழுத்தி சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பக்கத்தில் பூட் பிளாக் டேட் வரியைப் பாருங்கள். 2011 என்றிருந்தால் அந்தத் திரையையும் போர்டின் சீரியல் எண் ஸ்டிக்கரையும் ஒரே வீடியோவில், வெட்டாமல், எடுத்து வையுங்கள். உங்கள் வழக்கின் உயிர் அந்த வீடியோ. 2013 என்றிருந்தால் போர்டு மேல் பழி போடாதீர்கள். 'கான்ஃபிடென்ஷியல்' எழுத்து இல்லாத வி2 சிப்பைத் தனியாகப் போட்டுப் பாருங்கள். அது ஓடினால் மற்ற சிப்தான் கோளாறு.

இனி சட்டம். பழைய பொருள் என்பதால் விற்றவர் சொன்ன சொல் காற்றில் போய்விடாது. 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம் பிரிவு 15-இன்படி, விவரம் சொல்லி விற்ற பொருள் அந்த விவரத்துக்குப் பொருந்த வேண்டும். "வி2 எடுக்கும், டெஸ்ட் பண்ணது" என்பதுதான் இங்கே விவரம். கேரண்டி இல்லை என்றால் ஆறு மாதம் கழித்து பவர் சப்ளை புகைந்தால் கேட்க முடியாது என்று பொருள் கொள்ளலாம். முதல் நாளே சொன்னதற்கு மாறான பொருளைக் கொடுக்கலாம் என்று பொருளில்லை.

பின் விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை. இந்த வகை சாக்கெட்டில் பின்கள் சிப்பில் இல்லை, போர்டில்தான் இருக்கின்றன. வளைந்திருந்தால் வெறும் கண்ணுக்கே தெரியும். வாங்குபவர் பொருளைப் பார்த்து வாங்கியிருந்தால், அந்தப் பார்வையிலேயே தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு அதே சட்டத்தின் பிரிவு 16 பாதுகாப்பு தராது. பூட் பிளாக் தேதி அப்படியல்ல, மின்சாரம் கொடுத்து சரியான சிப் போட்டால்தான் தெரியும். எனவே புகாரை அதன் மேல் கட்டுங்கள்; பின்னை இழுக்காதீர்கள். சாக்கெட்டை இப்போதே நெருக்கத்தில் படமெடுத்து, மூடி போட்டு வையுங்கள்.

'நீ தொழிலுக்கு வாங்கினாய், நுகர்வோர் இல்லை' என்ற வாதமும் வரும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 2(7), சுயதொழிலில் பிழைப்புக்காக மட்டுமே தானே பயன்படுத்துபவரை நுகர்வோராகவே கருதுகிறது. 1995-இல் லக்ஷ்மி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தட்டச்சுப்பொறியை உதாரணம் காட்டியே இதை விளக்கியது. உதவிக்கு ஓரிருவர் இருந்தாலும் பாதகமில்லை. உங்கள் ரெண்டரிங் மெஷின் அந்தத் தட்டச்சுப்பொறியேதான். 'பிழைப்புக்காக நானே இயக்குகிறேன்' என்ற வரியைப் புகாரிலும் பிரமாணப் பத்திரத்திலும் எழுதத் தவறாதீர்கள். இது விடுபட்டுத் தள்ளுபடியான வழக்குகள் ஏராளம்.

பில் தராததும், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் இதே நுகர்வோர் சட்டத்தின் பிரிவு 2(47)-இன்படி நியாயமற்ற வணிகமுறை. பில் இல்லாததற்கு ஜிபே பதிவும் வங்கி ஸ்டேட்மென்ட்டும் ஈடுசெய்யும். வாட்ஸ்அப் உரையாடலை எக்ஸ்போர்ட் செய்யுங்கள்; அந்த போனை மாற்றவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். மின்னணு ஆவணங்களுக்கு பாரதிய சாட்சிய அதினியம் (சாட்சியச் சட்டம்) பிரிவு 63-இன்படியான சான்றிதழையும் இணைத்துவிடுங்கள்.

அந்தச் சிப்? அது பெரும்பாலும் இன்ஜினியரிங் சாம்பிள். விற்பனைக்கு வரும் சிப்பில் 'எஸ்ஆர்' என்று தொடங்கும் குறியீடு இருக்கும். சாம்பிளில் 'கியூ' என்று தொடங்கும். சோதனைக்காக இன்டெல் இரவல் கொடுப்பது அது. உரிமை இன்டெல்லிடமே இருக்கிறது. தனக்கு உரிமையில்லாததை ஒருவர் விற்க முடியாது. விற்க உரிமை உண்டு என்பது சரக்கு விற்பனைச் சட்டம் பிரிவு 14-இன்படி ஒவ்வொரு விற்பனையிலும் அடங்கிய நிபந்தனை. இதைத் தனிக் குறையாகச் சேருங்கள். தெரிந்துகொண்ட பிறகு நீங்கள் அதை வேறு யாருக்கும் விற்கவே கூடாது.

அடுத்து, கடையுடன் தொடர்பில்லாத சர்வீஸ் டெக்னீஷியனிடம் லெட்டர்ஹெட்டில், சீரியல் எண்ணுடன், கையெழுத்திட்ட அறிக்கை வாங்குங்கள். அது இல்லையென்றால் நுகர்வோர் ஆணையம், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 38-இன்படி ஆய்வகத்துக்கு அனுப்பலாம். கட்டணத்தை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். பிறகு ஒப்படைப்புச் சான்றுடன் ஸ்பீட் போஸ்ட்டில் 15 நாள் கெடு வைத்து கடைக்கு நோட்டீஸ். இதற்கிடையே பொருளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னால், ரசீது எழுதி வாங்காமல் கொடுக்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் அழைத்துப் பதிவு செய்யுங்கள். சில கடைகள் அதிலேயே இறங்கி வருவதுண்டு.

பணம் வராவிட்டால் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் செய்யலாம், சென்னைக்கு அலைய வேண்டாம். ரூ.5 லட்சம் வரை கட்டணமில்லை, இ-ஜாக்ரிதி என்ற நுகர்வோர் புகார் இணையதளத்தில் தாக்கல் செய்யலாம், வக்கீல் கட்டாயமில்லை. கெடு இரண்டு ஆண்டு. ஒரே மெஷினுக்கு என்று சொல்லி வாங்கியதால் முழு ரூ.24,400-ஐயும் வட்டியுடன் கேளுங்கள். அது மறுக்கப்பட்டால் போர்டு தொகுதிக்கும் அந்த ஒரு சிப்புக்குமாக ரூ.16,800 தர வேண்டும் என்று மாற்றுக் கோரிக்கையும் எழுதுங்கள். மன உளைச்சலுக்கு லட்சக்கணக்கில் கேட்பது புகாரின் கனத்தைக் குறைக்கும். மெஷின் ஓடாததால் கைவிட்ட வேலைக்கு வாடிக்கையாளரின் மின்னஞ்சல் இருந்தால், அந்தத் தொகையை மட்டும் சேருங்கள்.