செருப்புக் கடியா, வேறு ஏதாவதா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 67. இடது உள்ளங்காலில், குதிகால் பக்கம் ஒரு கருப்புப் புள்ளி. செருப்புக் கடி என்று ஒரு வருடமாக விட்டுவிட்டார். மிளகளவு இருந்தது இப்போது புளியங்கொட்டை அளவுக்கு வந்துவிட்டது. மருந்துக்கடையில் கால் ஆணி என்று பிளாஸ்திரி கொடுத்தார்கள். “நம்ம கருப்புக்குத் தோல் கேன்சரெல்லாம் வராது” என்கிறார் அம்மா. சன்ஸ்கிரீன் வாங்கித் தரலாமா?
- வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: சன்ஸ்கிரீன் அப்புறம் வாங்கலாம். இந்த வாரமே அம்மாவைத் தோல் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். பிளாஸ்திரியை எடுத்துவிடுங்கள். பிளேடால் சீவ வேண்டாம். இது புற்றுநோய்தான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் செருப்புக் கடித்த ரத்தக்கட்டு என்றால் சில வாரங்களில் தோலோடு உரிந்துபோயிருக்கும். ஒரு வருடம் உட்கார்ந்து வளராது.

அம்மா சொல்வது பாதி உண்மை. கருப்புத் தோலுக்கு வெயிலிடமிருந்து ஓரளவு காப்பு உண்டு. ஆனால் நம் போன்றவர்களுக்கு மெலனோமா என்ற தோல் புற்றுநோய் வந்தால் அது பெரும்பாலும் வெயில் படாத இடத்தில்தான் வரும்: உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி. பாடகர் பாப் மார்லிக்குக் கால் விரல் நகத்தடியில் வந்தது. கால்பந்துக் காயம் என்றுதான் முதலில் நினைத்தார்கள். 1981இல், 36 வயதில் இறந்துபோனார்.

ஒரு பாதி மறுபாதிபோல் இல்லாதது, விளிம்பு கலைந்தது, ஒரே மச்சத்தில் இரண்டு மூன்று நிறம், 6 மில்லிமீட்டரைத் தாண்டியது என்று அடையாளங்கள் சொல்வோம். நான் முதலில் கேட்பது வேறு: “மாறுகிறதா?” பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து இன்றே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் மருத்துவர் மரத்துப்போக ஊசி போட்டுக் கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார். கத்தி பட்டால் பரவிவிடும் என்று சொந்தக்காரர் யாராவது கட்டாயம் சொல்வார். பரவாது.

சரி, வெயில். தஞ்சாவூரில் வளர்ந்த நான் இந்த ஊருக்கு வந்த புதிதில், இதெல்லாம் ஒரு வெயிலா என்று ஜனவரி மாதம் பதினொரு மணிக்கு அல்சூர் ஏரிக்கரையில் தொப்பியில்லாமல் நடந்தவன். அன்று ராத்திரி பின்கழுத்தில் தலையணை பட்டாலே எரிந்தது. பெங்களூரு 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது. காற்றுதான் குளிர்ச்சி, புற ஊதாக் கதிர் குறைவதில்லை. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக விழும் நேரத்தில் குடையோ கூரையோ வேண்டும். வெளியிலேயே வேலை என்றால் எஸ்.பி.எஃப். (வெயில் காப்பு அளவு) 30 போட்ட சன்ஸ்கிரீன், முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம்; இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பவும்.

கேள்வி: பாவாடை நாடா கட்டும் இடத்தில் இடுப்பைச் சுற்றிக் கருத்திருக்கிறது. இதுவும் புற்றுநோயா?
- வாசகி, கே.ஆர்.புரம்

பதில்: இல்லை, பெரும்பாலும் உராய்வுக் கருப்புதான். ஆனால் அதே இடத்தில் புண் வந்து ஒரு மாதமாகியும் ஆறவில்லை, தடித்து ரத்தம் கசிகிறது என்றால் காட்டிவிடுங்கள். வேட்டி இறுக்கிக் கட்டும் இடுப்பில் வந்த புற்றுநோயைப் பற்றி 1945இலேயே பம்பாய் மருத்துவர் கனோல்கர் எழுதியிருக்கிறார். புடவைக்காரர்களிடமும் அபூர்வமாகப் பார்க்கிறோம். மெல்லிய நாடாவை எடுத்துவிட்டு அகலமான பட்டை தைத்துக்கொள்ளுங்கள். முடிச்சைத் தினமும் ஒரே இடத்தில் போடாதீர்கள்.