ஐரிஷ் மரபிசைக் குழுவில் அடுத்த மெட்டு எது என்று எப்படித் தெரிகிறது?

கேள்வி: அயர்லாந்தில் பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து, இசைக்குறிப்புக் காகிதமும் இசை நடத்துநரும் இல்லாமல் சேர்ந்து வாசிக்கிறார்களே, எப்படி? புதியவர் ஒருவர் அதில் சேர முடியுமா?

கிளேர் கவுண்டியிலுள்ள என்னிஸ் ஊரில் ஏழு ஆண்டுகளாக வசிக்கிறேன். வியாழன் இரவுகளில் ஒரு மதுக்கூடத்தின் மூலை மேசையைச் சுற்றி உட்காரும் குழுவில் டின் விசில் என்ற சிறு தகரக் குழல் வாசிக்கிறேன். மூன்று ஃபிடில் (வயலின்தான்), ஒரு மரப் புல்லாங்குழல், கையால் விரித்து மடக்கும் சிறு துருத்திக் கருவியான கான்செர்டினா இரண்டு, தந்திக் கருவியான பாஞ்சோ ஒன்று, ஆட்டுத்தோல் கட்டிய பௌரான் என்ற கைப்பறை ஒன்று. சில வாரங்களில் இலியன் பைப் வாசிப்பவரும் வருவார். முழங்கையால் துருத்தியை அழுத்திக் காற்றூட்டும் கருவி அது. இந்தக் கூடலை செஷன் என்கிறார்கள். மேடை கிடையாது. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தபடி உட்கார்வதால், கேட்க வந்தவர்களில் பாதிப் பேருக்கு எங்கள் முதுகுதான் தெரியும்.

காகிதம் தேவைப்படாததற்கு முதல் காரணம், எல்லோரும் வாசிப்பது ஒரே மெட்டு. பெரும்பாலான மெட்டுகளுக்கு இரண்டு பகுதிகள்; எட்டுத் தாளக்கட்டு (மேலை இசையில் 'பார்') கொண்ட ஒவ்வொரு பகுதியையும் இருமுறை வாசித்தால் 32 தாளக்கட்டு வந்துவிடும். மெட்டு வகைகளில் ஜிக் என்பது நமக்குத் தெரிந்த தகிட தகிட. ரீல் தகதிமி தகதிமி. ஸ்லிப் ஜிக்கில் மூன்று தகிட. இந்த நடை காலில் ஏறிவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஒரே மெட்டு என்றாலும் ஒரே மாதிரி வாசிப்பதில்லை. ஒரு நீண்ட சுரத்தை ஐந்தாக மடிக்கும் ரோலை ஃபிடில் ஒரு விதமாகச் செய்யும், புல்லாங்குழல் வேறு விதமாகச் செய்யும். இரண்டும் உரசும்போது எழும் அந்த மினுமினுப்புக்காகவே நான் வாரம் தவறாமல் போகிறேன்.

இனி உங்கள் கேள்வியின் மையம். ஒரு மெட்டைப் பெரும்பாலும் மூன்று முறை வாசித்துவிட்டு, நிறுத்தாமல் அடுத்ததற்குத் தாவுவோம். அடுத்தது எது என்பது தொடங்கியவரின் மனதில் மட்டும் இருக்கும். எங்கள் குழுவில் இப்படிப் பல மெட்டுத் தொடர்களைத் தொடங்குபவர் ஃபிடில் வாசிக்கும் ஒரு பெண்மணி. மூன்றாம் சுற்று முடியப்போகும் நேரத்தில் அவருடைய தாடை ஃபிடிலிலிருந்து ஒரு விரலளவு எழும். சில நாள் "ஹப்!" என்பார், பல நாள் அதுவும் இல்லை. அடுத்த நொடி அவர் வில் மட்டும் தனியாகக் கேட்கும். மூன்று நான்கு சுரங்களிலேயே கான்செர்டினா பிடித்துக்கொள்ளும், பிறகு பாஞ்சோ, முதல் தாளக்கட்டு முடிவதற்குள் எல்லோரும். சுருதி ஜி-யிலிருந்து ஏ-வுக்கு மாறும் இடமென்றால் அறையே ஒரு படி மேலே ஏறியது போல இருக்கும். தெரியாத மெட்டு வந்தால் கருவியை மடியில் வைத்துவிட்டுக் கேட்க வேண்டும். அதில் எந்த வெட்கமும் இல்லை.

இந்த இசை முன்பு வீட்டு அடுப்படிகளில் நடனத்துக்காக வாசிக்கப்பட்டது. பொது நடனங்களுக்கு உரிமம் வேண்டும் என்ற 1935-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வீட்டு நடனங்களைப் பெரிதும் ஒடுக்கியது. மதுக்கூட செஷன் வேரூன்றியதில், லண்டனுக்குப் பிழைக்கப் போன ஐரிஷ் தொழிலாளர்களுக்குப் பெரும் பங்குண்டு. 1951-இல் அயர்லாந்தின் முல்லிங்கர் ஊரில் மரபிசையை வளர்க்கும் கோல்டஸ் அமைப்பு தொடங்கி, இசை விழாக்களை நடத்தி இந்த இசைக்குப் புத்துயிர் ஊட்டியது. அச்சிட்ட மெட்டுகளும் இல்லாமலில்லை. சிகாகோ காவல்துறைத் தலைவராக இருந்த பிரான்சிஸ் ஓ'நீல் 1903-இலேயே 1,850 மெட்டுகளைப் புத்தகமாக்கினார். அதை வீட்டில் பார்க்கலாம். மேசைக்குக் கொண்டுவருவது வழக்கமில்லை.

நான் ஒரு தவறு செய்தேன். பைப் வாசிப்பவர் ஒருநாள் சீரான தாளமில்லாத, 'ஏர்' எனப்படும் மெதுவான மெட்டு ஒன்றைத் தொடங்கினார். எனக்குத் தெரிந்த மெட்டு என்ற மகிழ்ச்சியில் விசிலை எடுத்துச் சேர்ந்துகொண்டேன். ஏர் என்பது ஒருவர் தனித்து வாசிப்பது. பாட்டுச் சொற்களின் மூச்சில் நகர்வது. யாரும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. பக்கத்திலிருந்த புல்லாங்குழல் பெரியவர் என் மணிக்கட்டின் மீது இரண்டு விரல்களை மெல்ல வைத்தார். நான் நிறுத்தினேன். முடிந்ததும், "அடுத்த வாரம் அரை மணி முன்னால் வாருங்கள்" என்றார். போனேன். அதே ஏரை ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டி, எங்கே மூச்சு விட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்.

ஆகவே சேரலாம், தாராளமாகச் சேரலாம். முதல் சில வாரங்கள் வட்டத்துக்கு வெளியே உட்காருங்கள். அனுமதி கேட்டுக் கைப்பேசியில் பதிவு செய்து, திரும்பத் திரும்ப வருகிற மூன்று மெட்டுகளைக் காதாலேயே கற்றுக்கொள்ளுங்கள். பௌரானில் மட்டும் தொடங்காதீர்கள். ஒரு மேசைக்கு ஒன்று போதும், எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. டி சுருதி விசில் மலிவாகவே கிடைக்கும். யாராவது உங்களைப் பார்த்து, "ஒன்று தொடங்குங்களேன்" என்பார்கள். அப்போது உங்களுக்கு மிக நன்றாகத் தெரிந்ததை, உங்களால் முடிந்த வேகத்தில் தொடங்குங்கள். நாங்கள் பின்னால் வந்துவிடுவோம்.