தாராளம் அல்ல, கடன்

கேள்வி: வீடியோ கேம் கன்சோல்களை அடக்க விலைக்கும் குறைவாக விற்கிறார்களாமே! இத்தனை தாராளமாக விற்றால் நிறுவனங்கள் எப்படித் தாங்கும்?

பதில்: தாராளம் என்று நீங்கள் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 2006இல் பிளேஸ்டேஷன் 3 அமெரிக்காவில் 599 டாலருக்கு வந்தபோது, அதைப் பிரித்துப் பார்த்துக் கணக்கிட்ட ஐசப்ளை ஆய்வு நிறுவனம், பாகங்களுக்கும் தயாரிப்புக்கும் மட்டுமே ஏறத்தாழ 840 டாலர் ஆவதாக மதிப்பிட்டது. இடையிலுள்ள 240 டாலரை சோனி யாருக்கும் தானம் செய்துவிடவில்லை. வாங்கியவர் பின்னால் வாங்குகிற ஒவ்வொரு கேமின் விலையிலிருந்தும் ஒரு பங்கு ராயல்டியாக சோனிக்குப் போய்ச் சேர்ந்தது. கன்சோலில் விட்டதை வசூலிக்கும் வழி அதுதான்.

இந்த வசூல் உரிமை இல்லாதவரால் விலையைக் குறைக்கவும் முடியாது என்பதற்கு 1993இல் வந்த 3டிஓ என்ற கன்சோல் சாட்சி. டிஸ்க் ஒன்றுக்கு 3 டாலர் ராயல்டி வடிவமைத்த நிறுவனத்துக்குப் போயிற்று. கருவியைத் தயாரித்து விற்ற பானசோனிக்கோ கருவியிலேயே லாபம் பார்த்தாக வேண்டியிருந்ததால், அதன் விலை 699 டாலர் ஆயிற்று. இரண்டே ஆண்டுகளில் சோனி தன் முதல் பிளேஸ்டேஷனை 299 டாலருக்கு இறக்கியபோது, அதனோடு போட்டியிட 3டிஓவால் இயலவில்லை. நிண்டெண்டோ மட்டும் வேறு வழியில் போனது: பழகிய, மலிவான தொழில்நுட்பத்தைக் கொண்டு வீ கன்சோலைச் செய்து, 250 டாலருக்கு லாபத்தோடு விற்றது. அது 10 கோடிக்கும் மேல் விற்றது.

தொடக்க நஷ்டத்தைத் தாங்க இன்னொரு துணையும் இருந்தது: ஆண்டுகள் செல்லச் செல்லச் சிப்புகளின் உற்பத்திச் செலவு இறங்கும். 2000இல் 299 டாலருக்கு வந்த பிளேஸ்டேஷன் 2, 2009இல் 99 டாலருக்குக் கிடைத்தது அப்படித்தான். இப்போது அந்தத் துணை நம்பத் தகுந்ததாக இல்லை. 2020இல் 499 டாலராக இருந்த பிளேஸ்டேஷன் 5, 2025இல் அமெரிக்காவில் 549 டாலர் ஆயிற்று.

செலவு இறங்காத காலத்தில் வசூலை இறுக்குவார்கள் என்பதே என் கவலை. இந்தப் பக்கத்தில் முன்பும் இதை எழுதியிருக்கிறேன். டிஸ்க் டிரைவ் இல்லாத பிளேஸ்டேஷன் 5 வெளிவந்தபோது அதற்கு 100 டாலர் குறைத்தார்கள். கழற்றி மாட்டக்கூடிய டிரைவைப் பிற்பாடு தனியாக விற்றபோதோ அதன் சில்லறை விலையே 80 டாலர்தான். டிரைவின் மதிப்புக்கும் மேலாக ஏன் விட்டுக்கொடுத்தார்கள்? டிரைவ் இல்லாதவர் கேமைப் பழைய டிஸ்க்காக மலிவு விலையில் வாங்க முடியாது. கேம் உருவாக்கியவரிடம் 30 சதவீதம் பிடித்துக்கொள்ளும் சோனியின் இணையக் கடையையே அவர் நம்பியிருக்க வேண்டும். விளையாடி முடித்த கேமை விற்கவோ, நண்பருக்கு இரவல் தரவோ அவருக்கு வழியில்லை. அந்த 100 டாலரைச் சலுகை என்று சொல்வதை நான் எதிர்ப்பது இதனால்தான்.