ஒருவர் கனவு காண்கிறார் என்பதை வெளியிலிருந்து எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

கண்ணை வைத்துத்தான். சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த யூஜின் அசெரின்ஸ்கி, 1950-களின் தொடக்கத்தில் தன் எட்டு வயது மகனின் கண்ணோரம் மின்முனைகளை ஒட்டித் தூங்க வைத்தார். கருவியின் பேனா காகிதத்தில் நிதானமாகக் கோடு போட்டுக்கொண்டிருந்தது. திடீரென்று தாறுமாறாக ஆட ஆரம்பித்தது. பையன் விழித்துக்கொண்டானோ என்று போய்ப் பார்த்தால், அயர்ந்து தூங்குகிறான். மூடிய இமைக்குள் கண்கள் மட்டும் ஓடிக்கொண்டிருக்கின்றன!

அப்புறம் பெரியவர்களைத் தூங்க வைத்துச் சோதித்தார். கண் ஓடும்போது 27 முறை எழுப்பிக் கேட்டதில், 20 முறை விரிவாகக் கனவைச் சொன்னார்கள். கண் அசையாதபோது 23 முறை எழுப்பியதில், 19 முறை ஒன்றுமே நினைவில்லை. பேராசிரியர் நத்தானியல் கிளைட்மனுடன் சேர்ந்து 1953-இல் ‘சயன்ஸ்’ இதழில் இதை வெளியிட்டார். இரண்டே பக்கம்தான், ஆனால் தூங்கும்போது மூளை சும்மா கிடக்கிறது என்ற எண்ணம் அதோடு ஆட்டம் கண்டது. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது.

ஆனால் கண் ஓடும் தூக்கத்தில் மட்டும்தான் கனவு வரும் என்று பலர் சொல்வது சரியில்லை. மற்றக் கட்டங்களில் எழுப்பினாலும் கனவு சொல்பவர்கள் உண்டு என்பதைப் பிந்தைய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.