கடன் அடைந்தும் நகை வீடு திரும்பாது

கேள்வி: எனக்குப் பிடித்த சுயாதீன இசைக்குழு ஒன்று பெரிய இசை நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டுவிட்டது. காசைக் கண்டதும் விலைபோய்விட்டார்கள் என்கிறேன். சரிதானே?

பதில்: ஒப்பந்தத்தைப் பார்க்காமல் அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாசிக்கிறவர் காசு வாங்குவதில் தப்பே இல்லை. எதை எழுதிக் கொடுத்து வாங்கினார் என்பதுதான் கேள்வி.

நிறுவனம் தரும் முன்பணத்தைச் சம்பளம் என்று நினைக்கிறோம். அது பாட்டின் வரவிலிருந்து பிடித்துக்கொள்ளப்படும் கடன். முன்பணம் 100, குழுவின் பங்கு 20 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டு 100 சம்பாதித்தால் கடன் தீராது; குழுவின் பங்கான 20 மட்டுமே கழியும். 500 வந்தால்தான் கணக்கு நேராகும். அதற்குள் நிறுவனம் போட்ட 100ஐ எடுத்து, மேலே 400ஐயும் பார்த்திருக்கும். ஒலிப்பதிவுச் செலவும் பெரும்பாலும் இதே கடனில்தான் ஏறும். முதல் ஆல்பத்தின் பாக்கியை அடுத்த ஆல்பத்தின் வரவில் பிடிக்கும் ஷரத்து இருந்தால், இரண்டாவது வெற்றியிலும் கை வெறுங்கைதான். இவ்வளவும் அடைந்த பிறகும் மாஸ்டர் உரிமை, அதாவது அசல் ஒலிப்பதிவின் உரிமை, நிறுவனத்திடமே நிற்கும். அடகுக் கடனை வட்டியோடு கட்டியும் நகை வீடு திரும்பாத கதை இது. 'பிரபஞ்சம் முழுவதற்கும், நிரந்தரமாக' என்றே சில பத்திரங்களில் எழுதியிருக்கும்.

விவரமான குழு மாஸ்டரை விற்காது. 5 அல்லது 7 ஆண்டுக்கு உரிமம் மட்டும் கொடுக்கும். முன்பணம் குறையும், பரவாயில்லை. பாடல் வரி, மெட்டு உரிமையை அதே பத்திரத்தில் சேர்க்க விடாது. விளம்பரத்துக்குப் பாட்டைக் கொடுக்க ஒவ்வொரு முறையும் தன் கையெழுத்து வேண்டும் என்று கேட்கும்.

அமெரிக்காவின் ஃபுகாஸி குழு பெரிய நிறுவனங்களை மறுத்து, டிஸ்கார்ட் என்ற சொந்த இசை வெளியீட்டு நிறுவனத்திலேயே ஆல்பம் போட்டது. நுழைவுச்சீட்டை 5 டாலர் அளவிலேயே வைத்திருந்தது. மேலாளர் கிடையாது, கச்சேரி ஏற்பாடும் தாங்களே. செலவு சிறியதாக இருந்ததால் 'வேண்டாம்' என்று சொல்லத் தெம்பு இருந்தது. 1993இல் நிர்வாணா என்ற ராக் குழுவின் ஆல்பத்தை ஒலிப்பதிவு செய்த ஸ்டீவ் அல்பினி, வேலைக்குக் கூலி போதும், விற்பனையில் பங்கு வேண்டாம் என்றார். கூலியையும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை, கவனியுங்கள்.

நாளைக்கு உங்கள் குழுவின் பாட்டு ஏதோவொரு சோப்பு விளம்பரத்தில் ஒலித்தால், ஒப்புதல் யார் கையில் இருந்தது என்று விசாரியுங்கள். அவர்களே கையெழுத்துப் போட்டிருந்தால் தாராளமாகத் திட்டுங்கள். நானும் உங்கள் பக்கம்தான்.